தீசிஸ் கடைசிக் கட்டம்: நெல்லைப் பக்கத்து மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

எம்.எஸ்சி., எம்.இ. கடைசி செமஸ்டரில் இருப்பவர்கள் கேட்டவற்றில் எல்லோருக்கும் உதவக்கூடிய ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

தாமிரபரணி நீரின் தரத்தை மூன்று பருவங்களில் ஒப்பிடுவதாகத் தலைப்புக் கொடுத்தேன். வெள்ளத்தால் மழைக்காலத்தில் சாம்பிள் எடுக்க முடியவில்லை. இப்போது என்ன செய்வது? (அம்பாசமுத்திரம்)

ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிக் கிடக்கும் நேரத்தில் ஆற்றில் பாட்டிலோடு இறங்கக் கூடாது. நீங்கள் போகாததே சரி. மற்ற இரு பருவங்களின் சராசரியைப் போட்டு நிரப்பச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வெள்ளத்தில் கலங்கல் கூடும், கரைந்த உப்பு பெரும்பாலும் நீர்த்துப்போகும். சராசரி இது எதையும் காட்டாது. அளக்காததை அளந்ததாக எழுதினால் மற்ற அத்தியாயங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கைடிடம் பேசி 'மழைக்கு முன், மழைக்குப் பின்' என்று தலைப்பைச் சுருக்குங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. சீவலப்பேரி அருகே சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிறது. கலக்குமிடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, சிற்றாற்றில் ஒன்று என ஒரே நாளில் எடுத்தால், சிற்றாறு என்ன கொண்டுவந்து சேர்க்கிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். ஒரு தீசிஸுக்கு அந்தக் கேள்வி தாராளம். நீரில் கரைந்த ஆக்சிஜனை வின்க்ளர் முறையில் (ரசாயனம் சேர்த்து டைட்ரேஷன் செய்து அளப்பது) பார்ப்பதானால் மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் கரையிலேயே சேர்த்துவிடுங்கள். லேபுக்கு வந்து சேர்த்தால், பஸ்ஸில் வரும்போதே மதிப்பு மாறியிருக்கும்.

அப்புறம், ஐ.எஸ். 10500:2012 என்பது குடிநீருக்கான இந்தியத் தரம். அதில் மொத்தக் கரைதிடத்துக்கு (டி.டி.எஸ்.) ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காதபோது 2000 வரை அனுமதி உண்டு. சுத்திகரிக்காத ஆற்றுநீரை எந்த எண்ணோடு, ஏன் ஒப்பிட்டீர்கள் என்று சொல்லாமல் 'தரமற்றது' என்று முடித்துவிடாதீர்கள். அந்தத் தண்ணீரை நம்பி இத்தனை ஊர்கள் இருக்கின்றன.

காற்றாலை மின் உற்பத்தியை முன்கூட்டிக் கணிக்கும் என் மாடல் 98 சதவீதம் சரியாகச் சொல்கிறது. ரிவ்யூவில் நம்ப மறுக்கிறார்கள். (வள்ளியூர்)

அவர்கள் சந்தேகம் நியாயமானது தம்பி. மாடல் கற்றுக்கொள்ளும் பயிற்சிப் பகுதி, அதைச் சரிபார்க்கும் சோதனைப் பகுதி என்று டேட்டாவை எப்படிப் பிரித்தீர்கள்? 10 நிமிட ரீடிங்குகளைக் குலுக்கிப் பிரித்திருந்தால், 10.20 மணி ரீடிங் பயிற்சியிலும் 10.30 மணி ரீடிங் சோதனையிலும் போய் விழுந்திருக்கும். பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்து எழுதின மார்க் அது. முந்தைய மாதங்களில் பயிற்சி, பிந்தைய மாதங்களில் சோதனை என்று காலவரிசையில் பிரியுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தென்மேற்குப் பருவத்தில் ஒரு மாதிரி, மற்ற மாதங்களில் வேறு மாதிரி. அதனால் பிழையைப் பருவவாரியாகக் காட்டுங்கள். 'இப்போது உள்ள உற்பத்தியே அடுத்த 10 நிமிடத்திலும் இருக்கும்' என்ற எளிய கணிப்போடும் ஒப்பிட வேண்டும். குறுகிய நேரக் கணிப்பில் அதை வெல்வது கடினம். சதவீதம் குறையத்தான் செய்யும். குறைந்த எண்ணையே எழுதுங்கள், அதற்குத்தான் மதிப்பு.

ஒப்புமைச் சோதனையில் (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது) 28 சதவீதம் வந்துவிட்டது. (தென்காசி)

யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் திருத்தி, 6 மாதத்துக்குள் மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். மேற்கோள் பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை இவையெல்லாம் கணக்கில் சேராது. அவற்றை நீக்கித்தான் பார்த்தார்களா என்று கேளுங்கள். சொல்லை மாற்றித் தரும் மென்பொருள் பக்கம் போகவே வேண்டாம். அது கலைச்சொல்லையும் சேர்த்து மாற்றி, பொருளையே கெடுத்துவிடும். மூலக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு, புரிந்ததை உங்கள் வாக்கியத்தில் எழுதி, மேற்கோளும் கொடுங்கள்.

கைடு என் வரைவைப் படிப்பதே இல்லை. (பாளையங்கோட்டை)

முழு தீசிஸையும் அனுப்பாதீர்கள். ஒரே ஓர் அத்தியாயத்தைப் பிரிண்ட் எடுத்து, எங்கே அவர் முடிவு சொல்ல வேண்டுமோ அங்கே கேள்வியை எழுதிக் கையில் கொடுங்கள். என்று வந்து வாங்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஆங்கிலம் தடுமாறும் என்று பயமாக இருக்கிறது. (நாங்குநேரி)

சின்ன வாக்கியங்களில் பேசுங்கள், போதும். ஏன் இந்த முறை, பிழை எவ்வளவு, இந்த முடிவு எங்கே பொருந்தாது: இந்த மூன்றுக்கும் பதிலை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். உங்கள் வரைபடங்களின் அச்சுகளில் அலகு விடுபட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பெரும்பாலும் அங்கிருந்துதான் கேள்வியைத் தொடங்குவார்.