வீட்டில் கத்திவிட்டு சண்டே ஸ்கூலில் பாடம் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. வேலைக்குப் போகிறேன். மாமியார் ஒன்றரை வருடமாகப் படுத்த படுக்கை. இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து பார்க்க வேண்டும். காலையில் பிள்ளைகளைக் கிளப்புவதற்குள் கத்தித் தீர்த்துவிடுகிறேன். பைபிளைத் திறந்தால் நாலு வசனத்தில் கண் சொக்குகிறது. இந்த லட்சணத்தில் ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூலில் 'நீடிய பொறுமை' பற்றிப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் என் 14 வயது மகன், "சர்ச்ல பேசுற அம்மா வேற, வீட்ல இருக்கிற அம்மா வேற" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து ஜெபிக்க வாயே வரவில்லை. நான் வேஷக்காரியா? சண்டே ஸ்கூல் பொறுப்பை விட்டுவிடட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

பொறுப்பை விடுவதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். முதலில் உங்கள் மகன்.

அவன் சொன்னது சுருக்கென்று தைத்திருக்கும். ஆனால் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் அம்மா சர்ச்சில் பேசுவதைக் காதில் வாங்கியிருக்கிறான் என்பதே பெரிய விஷயம். காதில் வாங்கியதோடு, அதை நம்பியும் இருக்கிறான். அதனால்தான் வீட்டில் அது எங்கே என்று கேட்கிறான். நம்பாத பிள்ளை கேட்காது. தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடும்.

அவனுக்கு நீங்கள் தர வேண்டிய பதில் ஒரு மன்னிப்பு. பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கும்போது நாம் எல்லோரும் கூடவே ஒரு வாலைச் சேர்த்துவிடுகிறோம்: "சாரிப்பா, ஆனா நீயும் சொன்னா கேக்க மாட்டேங்கிற." அந்த 'ஆனா' வந்ததும் மன்னிப்பு போய்விடும், மிச்சம் இருப்பது இன்னொரு திட்டுதான். அவன் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, "நீ சொன்னது சரிதான்ப்பா. காலைல நான் அப்படிக் கத்துறது தப்பு. என்னை மன்னிச்சிரு" என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். அவன் ஒன்றும் சொல்லாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் மறுபடி கத்திவிட்டால் மறுபடி கேளுங்கள். எத்தனை தடவை என்று அவனும் எண்ண மாட்டான், நீங்களும் எண்ண வேண்டாம். ஒன்று மட்டும்: கத்துவது கை ஓங்குவதாக மாறியிருந்தால், மன்னிப்பு மட்டும் போதாது. அதை உடனே ஒருவரிடம் சொல்லி உதவி கேட்டாக வேண்டும்.

வேஷக்காரியா என்று கேட்டிருக்கிறீர்கள். மாயக்காரரை, அதாவது வேஷக்காரரை, இயேசு கடிந்துகொண்ட இடங்களைப் பாருங்கள். மனுஷர் காணும்படி வீதிச் சந்திகளில் நின்று ஜெபிக்கிறார்கள், உபவாசிக்கிறது தெரியும்படி முகத்தை வாடப்பண்ணுகிறார்கள். அவர்களுக்குத் தங்களிடம் குறை இருப்பதாகவே படவில்லை. உங்கள் கடிதத்தில் குறையைத் தவிர வேறெதுவும் இல்லை. லூக்கா 18-இல் ஆலயத்துக்கு ஜெபிக்கப் போன இரண்டு பேரில், வரி வசூலிக்கும் ஆயக்காரன் கண்களை ஏறெடுக்கக்கூடத் துணியாமல் தூரத்தில் நின்றான். "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்பதுதான் அவன் ஜெபம் முழுவதும். நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனவன் அவன்தான். வாய் வரவில்லை என்கிறீர்களே, அந்த நாலு வார்த்தைக்கு மேல் இப்போது வேண்டியதில்லை.

அப்புறம், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை நாம் மனப்பாடமாகச் சொல்லிச் சொல்லி அதில் இருப்பதையே கவனிக்காமல் விட்டுவிட்டோம். 'அன்றன்றுள்ள அப்பத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்றதும் அடுத்து வருவது 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்'. ஆகாரத்தைக் கேட்ட கையோடு மன்னிப்பையும் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தம்முடைய சீஷர்களுக்கு இரண்டுமே தினம் தேவைப்படும் என்று அவருக்குத் தெரியும். 1517-இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கருத்துகளில் முதலாவதும் இதுதான்: விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும். ஒரு தடவை திருந்திவிட்டு அப்புறம் தவறே செய்யாமல் இருப்பதுதான் விசுவாசம் என்று யார் உங்களுக்குச் சொன்னார்களோ தெரியவில்லை, வேதம் அப்படிச் சொல்லவில்லை.

கண் சொக்குவது பற்றி. இதை ஆவிக்குரிய குறையாகவே நான் பார்க்கவில்லை. தூங்காத உடம்பு தூக்கத்தைக் கேட்கிறது, அவ்வளவுதான். 1 இராஜாக்கள் 19-ஐ ஒரு தடவை வாசியுங்கள். எலியா தீர்க்கதரிசி ஓடிக் களைத்து சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறான். அவனுக்கு யாரும் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கினான். தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். அதற்கும் யாரும் கோபப்படவில்லை, இரண்டாவது தடவையும் எழுப்பிச் சாப்பிட வைத்தார்கள். ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகு. ஆகவே பைபிளோடு தூங்கிப் போனால் குற்ற உணர்ச்சி வேண்டாம். காலையில் ஒரு வசனம், சங்கீதத்தில் ஒரு வரி எடுத்துக்கொண்டு, இரவில் மாமியாரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதும் துணி மாற்றும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருங்கள். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் சகோதரர் லாரன்ஸ் என்ற கார்மேல் சபைத் துறவி இருந்தார். மடத்துச் சமையலறையில் வேலை. சமையல் அவருக்கு அறவே பிடிக்காது! அந்தப் பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலேயே தேவனோடு பேசப் பழகிக்கொண்டார். தவறு செய்தால் அதை அப்படியே தேவனிடம் ஒப்புக்கொண்டு, நீர் என்னை என் போக்கில் விட்டால் நான் இப்படித்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாமல் வேலையைப் பார்க்கப் போய்விடுவாராம். உங்களுக்கு இந்த ஆளைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, சண்டே ஸ்கூல். விட வேண்டாம், ஆனால் குறைத்துக்கொள்ளுங்கள். வாரம் விட்டு வாரம் வேறொருவர் எடுக்கட்டும் என்று போதகரிடம் கேளுங்கள். காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். நீடிய பொறுமையைப் பற்றி எடுக்கும்போது அப்போஸ்தலர் 15-இன் கடைசிப் பகுதியையும் சேர்த்து எடுங்கள். பவுலும் பர்னபாவும் மாற்குவைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று கடுமையாகச் சண்டை போட்டுப் பிரிந்து போனார்கள். அதே பவுல் பிற்பாடு, மாற்குவை அழைத்து வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பிள்ளைகள் இதை வாய் பிளந்து கேட்பார்கள். வீட்டில் சண்டை பார்க்காத பிள்ளை யார்?

கடைசியாக ஒன்று. இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் வெளியூரில் இருக்கிறாரா, உடன் இல்லையா, எனக்குத் தெரியாது. வீட்டில்தான் இருக்கிறார் என்றால், படுத்திருப்பது அவருடைய அம்மா. இரவில் எழுந்து பார்க்கும் முறையை இருவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். கத்தலில் பாதி அதிலேயே குறைந்துவிடும் என்பது என் கணிப்பு. அவர் உடன் இல்லையென்றால், வாரத்தில் இரண்டு ராத்திரி வந்து படுத்துக்கொள்ள முடியுமா என்று நாத்தனாரையோ, சபையில் உங்களுக்கு நெருக்கமான ஒரு சகோதரியையோ கேளுங்கள். ஒருவருக்கொருவர் பாரத்தைச் சுமக்கச் சொல்லி கலாத்தியர் 6-இல் எழுதியிருப்பது உங்களுக்கும் சேர்த்துத்தான். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். இந்த வாரமே கேளுங்கள்.