சிறிய மிரர்லெஸ் கேமரா வாங்கும் முன்: கேள்வி பதில்

லென்ஸ் கழற்றி மாட்டக்கூடிய சிறிய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்கள் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. விலை வாரத்துக்கு ஒரு தரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கைத் தொடவில்லை.

கேள்வி (கோவை): அண்ணா, கேனன் ஆர்50, சோனி இசட்வி-இ10, ஃபுஜி எக்ஸ்-எம்5. இந்த மூணுல எதை எடுக்கறதுன்னு மண்டை காயுது. குடும்பப் படம், டூர், கொஞ்சம் வீடியோ. எது நல்லது?

பதில்: மூன்றிலும் ஒளியைப் பதியும் சென்சார் ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவுதான். 24 அல்லது 26 மெகாபிக்சல். எடை 343 முதல் 375 கிராமுக்குள். பாடிக்குள் (லென்ஸ் இல்லாத கேமரா உடலுக்குள்) கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் மூன்றிலும் கிடையாது. ஒரே லென்ஸ் தரத்தில் எடுத்த படங்களைக் கலந்து வைத்தால் எது எந்த கேமரா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் பாடியை விட்டுவிட்டு, அடுத்த ஐந்து வருடத்தில் என்னென்ன லென்ஸ் வாங்குவீர்கள் என்று யோசியுங்கள். பாடியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மவுண்ட்டை, அதாவது லென்ஸ் மாட்டும் வாயின் வகையை, மாற்றினால் எல்லா லென்ஸையும் விற்க வேண்டியிருக்கும்.

சோனி இ மவுண்ட்டில் சிக்மா, டாம்ரான் போன்ற வெளி நிறுவன லென்ஸ்கள் நிறைய. செகண்ட் ஹேண்டிலும் தாராளமாகக் கிடைக்கும். ஃபுஜி எக்ஸ் மவுண்ட்டில் சொந்த லென்ஸ்களே நன்றாக இருக்கும், விலை கொஞ்சம் தூக்கல். கேனன் ஆர்எஃப் மவுண்ட்டில் நீண்ட நாள் வெளியார் ஆட்டோஃபோகஸ் லென்ஸுக்கு இடமே இல்லாமல் இருந்தது. 2024இல்தான் ஏபிஎஸ்-சி பாடிகளுக்கு சிக்மாவும் டாம்ரானும் வரத் தொடங்கின. சிக்மா 18-50 எஃப் 2.8 (எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் நுழையும்) இப்போது இந்த மூன்று மவுண்ட்டுக்கும் உண்டு, எடையும் 300 கிராமை ஒட்டித்தான். முதல் நல்ல ஜூம் இதுதான் என்று முடிவு செய்தால், கேமரா தேர்வு பாதி முடிந்தது.

மீதிப் பாதி: வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துவாரம்) ஆர்50இல் மட்டும் உண்டு. மற்ற இரண்டிலும் உச்சி வெயிலில் திரையைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். டூர் படம்தான் முக்கியம் என்றால் ஆர்50. லென்ஸ் ஒவ்வொன்றாகச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் சோனி. ஆர்50 எடுத்தால் ஒரு விஷயம்: அதன் மேல் ஷூவில் (ஃபிளாஷ் மாட்டும் இடத்தில்) பழைய ஃபிளாஷ்களுக்கான கான்டாக்ட் இல்லை. கேனனின் தனி அடாப்டர் மாட்டினால்தான் வேலை செய்யும். இசட்வி-இ10இன் இரண்டாம் பதிப்பைப் பார்க்கிறவர்களும் கவனிக்க: அதில் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லை, ஃபிளாஷ் போடவே முடியாது.

கேள்வி (மதுரை): கேனன் எம்50 செகண்ட் ஹேண்டில் கொள்ளை மலிவு. எடுக்கலாமா சார்?

பதில்: மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது 2012இல் வந்த இஎஃப்-எம் மவுண்ட். கேனன் அதைக் கைவிட்டு ஆர்எஃப் பக்கம் போய்விட்டது. இஎஃப்-எம் லென்ஸை ஆர்எஃப் பாடியில் மாட்ட முடியாது. இஎஃப்-எம்மில் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 18 மிமீ, ஆர்எஃப்பில் 20 மிமீ. நடுவில் அடாப்டர் வைக்க இடமே இல்லை, வைத்தாலும் தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகாது. கிட் லென்ஸோடும் (கேமராவோடு சேர்த்து விற்கும் லென்ஸ்) 22 மிமீ எஃப் 2 லென்ஸோடும் சேர்த்துக் கிடைத்து, அதோடு நிறுத்திக்கொள்வேன் என்றால் நல்ல கேமராதான். வளர்க்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம். நிக்கான் 1 வரிசைக்கும் இதே பதில். அது 2018லேயே முடிந்த கதை.

கேள்வி (சிங்கப்பூர்): மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் சின்னது, வாங்காதே என்கிறார்கள். ஒலிம்பஸ் இ-எம்10 மார்க் 4 என் கைக்குப் பிடித்திருக்கிறது.

பதில்: கணக்கைப் பாருங்கள். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் 17.3 × 13 மிமீ. சோனி, ஃபுஜி, நிக்கானின் ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 23.5 × 15.6 மிமீ. பரப்பில் 1.6 மடங்கு, அதாவது முக்கால் ஸ்டாப்புக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) குறைவான வித்தியாசம். மற்றவர் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 3200இல் பெறும் தரத்தை நீங்கள் 2000இல் பெறுவீர்கள், அவ்வளவுதான். ஃபுல் ஃபிரேமோடு (பழைய ஃபிலிம் அளவு சென்சார்) ஒப்பிட்டால்தான் இடைவெளி பெரிது, ஏறக்குறைய இரண்டு ஸ்டாப்.

அந்த முக்கால் ஸ்டாப்புக்குப் பதிலாக 383 கிராம் பாடிக்குள் ஐந்து அச்சு ஸ்டெபிலைசேஷன் கிடைக்கிறது. 45 மிமீ எஃப் 1.8 லென்ஸின் எடை 116 கிராம். 40-150 டெலி ஜூம் 190 கிராம். பின்னணி மங்கலாவது மட்டும் குறையும். எஃப் 1.8 போட்டாலும் ஃபுல் ஃபிரேமில் எஃப் 3.6 போட்டது போலத்தான் வரும். நடந்தே ஊர் சுற்றுபவருக்கு இது நல்ல பேரம். 2021 ஜனவரியில் ஒலிம்பஸ் கேமராப் பிரிவு ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் கைக்குப் போனது. மவுண்ட் அதேதான், பானசோனிக் லென்ஸும் பொருந்தும்.

கேள்வி (சென்னை): ஆர்50 கிட் லென்ஸோட வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. வீட்டுக்குள்ள குழந்தையை எடுத்தா எல்லாமே ஷேக் ஆகுது, இல்லன்னா புள்ளி புள்ளியா வருது. கேமரா ஃபால்ட்டா?

பதில்: கேமராவில் கோளாறு இல்லை. உங்கள் 18-45 கிட் லென்ஸை 45க்குத் தள்ளினால் அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) எஃப் 6.3க்கு இறங்கிவிடும். டியூப் லைட் வெளிச்சத்தில் அதற்கு ஐஎஸ்ஓ 12800 வரை ஏறும், அதுதான் அந்தப் புள்ளி. ஐஎஸ்ஓவை அடக்கினால் ஷட்டர் 1/30 வினாடிக்கு விழும், குழந்தை கை அசைத்தாலே இழுபடும்.

எஃப் 6.3க்கும் எஃப் 1.8க்கும் இடையே பன்னிரண்டு மடங்கு வெளிச்சம். அதே அறை, அதே ஷட்டர், ஐஎஸ்ஓ 12800க்குப் பதில் ஆயிரத்தை ஒட்டி வரும். எந்தப் புது பாடி வாங்கினாலும் இவ்வளவு மாற்றம் கிடைக்காது. கேனன் 50 மிமீ எஃப் 1.8 விலை குறைவு, 160 கிராம். ஆனால் ஆர்50இல் அது ஃபுல் ஃபிரேமில் 80 மிமீ போட்டது போல நடந்துகொள்ளும். பத்துக்குப் பத்து அறையில் முதுகு சுவரில் இடிக்கும், முகம் மட்டும்தான் ஃபிரேமில் நிற்கும். வீட்டுக்குள் என்றால் 35 மிமீ எஃப் 1.8 அல்லது சிக்மா 30 மிமீ எஃப் 1.4.

வாங்கும் வரை: லென்ஸை 18லேயே வைத்துக்கொண்டு (அங்கே எஃப் 4.5) கிட்டே போங்கள். ஷட்டரை நீங்களே வையுங்கள், உட்கார்ந்திருந்தால் 1/125, ஓடினால் 1/250. ஐஎஸ்ஓ ஆட்டோ, உச்சம் 6400. குழந்தையை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கேள்வி (திருச்சி): அப்போ பாடிக்குள்ள ஸ்டெபிலைசேஷன் இருந்தா இந்தப் பிரச்சினை வராதே?

பதில்: வரும். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். எதிரே இருப்பவர் அசைவதை நிறுத்தாது. மண்டபத் தூண், இரவு நேரத் தெரு, கையில் பிடித்து எடுக்கும் வீடியோ இவற்றுக்குப் பெரிய உதவி. சோனி ஏ6700, ஃபுஜி எக்ஸ்-எஸ்20, எக்ஸ்-டி50 இவற்றில் உண்டு. ஏ6400இல் இல்லை.

கேள்வி (டொராண்டோ): இங்கே எடுத்த வீடியோ நன்றாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கல்யாண மண்டபத்தில் எடுத்ததில் மட்டும் கருப்புப் பட்டை ஓடுது. ஏன் அண்ணை?

பதில்: கனடாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இலங்கையிலும் இந்தியாவிலும் 50. நம் பக்கத்து விளக்குகள் வினாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். நீங்கள் 30 ஃபிரேமும் 1/60 ஷட்டருமாக எடுத்திருப்பீர்கள். அந்த 1/60 விளக்கின் துடிப்போடு சேராததால் பட்டை ஓடுகிறது. மெனுவில் என்டிஎஸ்சி (NTSC, 60 ஹெர்ட்ஸுக்கான வீடியோ முறை) என்று இருப்பதை பால் (PAL, 50 ஹெர்ட்ஸுக்கானது) முறைக்கு மாற்றி, 25 அல்லது 50 ஃபிரேம் வைத்து, ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்துங்கள். சில மாடல்களில் இதை மாற்றும்போது கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும், முதலில் படங்களை இறக்கிவிடுங்கள்.

மேடையின் பின்னால் உள்ள எல்இடி திரை இதற்கும் அடங்காது, அது வேறு வேகத்தில் துடிக்கும். ஷட்டரைச் சிறிது சிறிதாக மாற்றிப் பட்டை மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். புகைப்படத்துக்கு சைலன்ட் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கல் ஷட்டரில் எடுங்கள்.

கேள்வி (செங்கல்பட்டு): வேடந்தாங்கல் போய்ப் பறவை எடுக்கணும். சின்ன கேமரா போதுமா?

பதில்: பாடி சின்னதாக இருக்கலாம், லென்ஸ் சின்னதாக இருக்காது. சோனி 70-350 625 கிராம், கேனன் 100-400 635 கிராம், ஒலிம்பஸ் 75-300 423 கிராம். பார்க்கும் கோணத்தில் இவை முறையே ஃபுல் ஃபிரேமின் 525, 640, 600 மிமீக்குச் சமம். கேனன் நீளம், ஆனால் கடைசியில் எஃப் 8. காலை ஏழு மணி வெளிச்சத்தில் பறக்கும் நாரைக்கு 1/1600 வைத்தால் ஐஎஸ்ஓ எகிறும். வெயில் ஏறிய பிறகு மூன்றும் சமாளிக்கும். கிட் லென்ஸோடு வரும் 55-210 போதாது, மரத்துக் கூடு மொத்தமும் வரும், பறவை புள்ளியாகத் தெரியும்.

கேள்வி (சேலம்): அப்பாவோட பழைய நிக்கான் 50 மிமீ எஃப் 1.8டி லென்ஸ் இருக்கு. இசட்50இல் போடலாமா?

பதில்: எஃப்டிஇசட் அடாப்டரோடு (பழைய நிக்கான் லென்ஸை இசட் பாடியில் பொருத்தும் இணைப்பு) மாட்டலாம். அபெர்ச்சர், மீட்டரிங் எல்லாம் நடக்கும், ஆட்டோஃபோகஸ் மட்டும் நடக்காது. ‘டி’ வகை லென்ஸுக்குள் மோட்டார் இல்லை, அடாப்டரிலும் இல்லை. ஃபோகஸ் பீக்கிங்கை (ஃபோகஸ் ஆன ஓரங்களை நிறமிட்டுக் காட்டும் வசதி) ஆன் செய்து கையால் திருப்புங்கள். அடாப்டர் விலை புது 40 மிமீ எஃப் 2 லென்ஸின் விலையை நெருங்கினால் யோசிக்க வேண்டியதுதான்.

கேள்வி (திருநெல்வேலி): பழைய சோனி ஏ6000 ஒருத்தர் தர்றார். நேர்ல போய் என்ன பார்க்கணும்?

பதில்: 2014இல் வந்தது, இன்றும் படம் நன்றாகவே எடுக்கும். 4கே, டச் ஸ்கிரீன், மைக் ஓட்டை மூன்றும் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். சொந்தமாக ஒரு கார்டும் ஒரு டார்ச்சும் எடுத்துப் போங்கள்.

முதலில் லென்ஸ். கழற்றி, அபெர்ச்சர் வழியாகப் பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் சாய்வாகப் பாருங்கள். தூசி இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை. வெள்ளை நூல் வேர் விட்டது போல ஓரத்திலிருந்து கிளை பிரிந்தால் அது ஃபங்கஸ் (பூஞ்சை), எழுந்து வந்துவிடுங்கள். 16-50 பவர் ஜூம் என்றால் பத்து தடவை ஆன், ஆஃப் செய்யுங்கள். மணல் புகுந்தாலோ உள் மோட்டார் தேய்ந்தாலோ வெளியே வரும்போது தயங்கும், அல்லது பாதியில் நிற்கும்.

அடுத்து சென்சார். எஃப் 16 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுங்கள். புள்ளிகள் தெரிந்தால் தூசி, துடைத்தால் போகும். கோடாகத் தெரிந்தால் கீறல், போகாது. பிறகு மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 1600, ஒரு வினாடி எடுத்துப் பெரிதாக்கினால் சிவப்பு, நீலப் புள்ளிகளாக ஹாட் பிக்சல் தெரியும். ஒன்றிரண்டு இருப்பது சகஜம்.

திரையை மேலும் கீழும் மடக்கும்போது படம் அணைந்து எரிந்தால் உள்ளே ரிப்பன் கேபிள் போய்க்கொண்டிருக்கிறது. பேட்டரியை மேசையில் வைத்துச் சுற்றுங்கள், பம்பரம் போலச் சுழன்றால் உப்பியிருக்கிறது. ஷட்டர் எண்ணிக்கை மெனுவில் காட்டாது, எடுத்த படத்தோடு சேர்ந்து பதிவாகும் எக்ஸிஃப் தகவலில் பார்க்கலாம். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் பாடியின் அடியில் உள்ளதும் ஒன்றா என்பதையும் பாருங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): கடலோரத்துல இருக்கோம். ஃபங்கஸ் வராம எப்படி வைக்கறது? அரிசி டப்பாவுல வைக்கலாமா?

பதில்: அரிசி வேண்டாம். ஈரத்தைச் சரியாக இழுக்காது, மாவுத்தூள் ஜூம் வளையத்துக்குள் போகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, கால் கிலோ சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. முள் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். ரொம்பக் காய வைப்பதும் லென்ஸுக்குள் இருக்கும் கிரீஸுக்கு நல்லதில்லை. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஓவனில் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். லென்ஸ் மூன்றுக்கு மேல் போனால் டிரை கேபினெட் வாங்கிவிடுங்கள்.

தோல் உறையிலும் துணிப் பையிலும் மாதக்கணக்கில் மூடி வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து. பிடித்த பிறகு துடைத்தாலும் கோட்டிங்கை அரித்த தடம் சில சமயம் அப்படியே நிற்கும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது கேமராவைப் பைக்குள்ளேயே அரை மணி நேரம் விடுங்கள். உடனே எடுத்தால் கண்ணாடியில் நீர் பூக்கும்.

கேள்வி (ஈரோடு): 4கேக்கு விலை கூடின கார்டு வேணுமா?

பதில்: இந்த வகை கேமராவில் 4கே பெரும்பாலும் வினாடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட். வி30 என்று அச்சிட்ட கார்டு குறைந்தது 30 மெகாபைட் தாங்கும், அது போதும். 64 ஜிபியில் ஏறக்குறைய 85 நிமிடம் பிடிக்கும். போலிக் கார்டுதான் பெரிய தொல்லை. வாங்கியதும் கம்ப்யூட்டரில் முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் படித்துச் சோதியுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): கடற்கரையில லென்ஸ் மாத்தலாமா?

பதில்: மாற்றாமல் இருப்பதே நல்லது. மிரர்லெஸ்ஸில் முன்னால் கண்ணாடி இல்லாததால், லென்ஸைக் கழற்றியதும் பல மாடல்களில் சென்சார் திறந்து கிடக்கும். தவிர்க்க முடியாவிட்டால் கேமராவை அணைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, லென்ஸ் மாட்டும் வாய் கீழே பார்க்கப் பிடித்து, அடுத்த லென்ஸின் பின்மூடியை முன்பே தளர்த்தி வைத்துக்கொண்டு மாற்றுங்கள். தூசி விழுந்தால் ரப்பர் புளோயர் மட்டும். வாயால் ஊதினால் எச்சில் படும், ஸ்ப்ரே கேனில் திரவம் தெறிக்கும். ஸ்வாப் (சென்சார் துடைக்கும் தட்டைக் குச்சி) வைத்துத் துடைப்பதானால் ஏபிஎஸ்-சிக்கு 16 மிமீ அகலம், ஒரு ஸ்வாப் ஒரு பக்கத்துக்கு ஒரே இழுப்பு. மறுபடி அதையே வைத்துத் தேய்க்க வேண்டாம்.