டைனோவில் 98தான் வந்ததா? கணக்கை ஒருமுறை பாருங்கள்

உங்கள் காரின் கையேட்டில் 120 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்), டைனோவில், அதாவது காரின் சக்தியை அளக்கும் மெஷினில், 98 ஹெச்பி (குதிரைத்திறன்), எஞ்சினில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பெனி சொல்வது எஞ்சினிலேயே, அதன் கிராங்க் ஷாஃப்டில் அளந்த சக்தி. ரோலர் டைனோ காட்டுவது சக்கரம் வரை வந்து சேர்ந்தது. நடுவில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். அப்புறம், 120 பிஎஸ் என்பதே 118 ஹெச்பிதான். ஆக இழப்பு சுமார் 17 சதவீதம். வழக்கமான 10–20க்குள்தான் இருக்கிறது.

சிக்கல், நண்பர் காரோடு நீங்கள் செய்த எடைக்கேற்ற சக்தி ஒப்பீட்டில். உங்கள் காருக்கு டைனோ எண் 98ஐ 1,150 கிலோவால் வகுத்து டன்னுக்கு 85 என்கிறீர்கள். நண்பர் காருக்கு மட்டும் கையேட்டிலுள்ள 150ஐ 1,400 கிலோவால் வகுத்து 107! (நண்பர் சொல்லிக் கொடுத்த கணக்கோ?) இரண்டுக்கும் கையேட்டு எண்ணையே வையுங்கள்: 104க்கு 107. ஓட்டும்போது தெரியவே தெரியாது.

டைனோவில்தான் மோத வேண்டும் என்றால், சரி, இரண்டு காரையும் ஒரே மெஷினில், ஒரே நாளில், ஒரே திருத்தக் காரணியோடு (வெப்பம், காற்றழுத்தத்துக்கு ஏற்ப எண்ணைச் சரிசெய்யும் கணக்கு) ஓட்டுங்கள். இந்தத் திருத்தத்துக்கான தரமுறைகளில் பழைய எஸ்டிடி, எஸ்ஏஇ ஜே1349ஐ விட 4 சதவீதம் போலக் கூட்டிக் காட்டும். டயர் காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.