கையால் பின்னிய குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பொருளுக்கு எப்படி விலை வைப்பது?

நூல் செலவு, பின்னிய நேரத்துக்கான கூலி, பார்சல் போன்ற சில்லறைச் செலவு, கொஞ்சம் லாபம்: இவை சேர்ந்ததுதான் நியாயமான விலை. பெரும்பாலும் விட்டுப்போவது கூலிதான். ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு. குரோஷேவை ஒவ்வொரு கண்ணியாகக் கையால்தான் போட வேண்டும். அதனால் நேரமே பெரிய செலவு. ரவிக்கை தைக்கக் கொடுத்தால், துணி நம்முடையது என்றாலும் தையற்கூலி தனிதானே? 150 ரூபாய் நூல், மணிக்கு 80 ரூபாய் வீதம் 5 மணி நேரம், இதர செலவு 30 என்றால் அடக்கமே 580. (அந்த 80-ம் குறைவு என்றே சொல்வேன்.) லாபம் அதற்கு மேல்.

நூல் விலையை இரண்டு மடங்காக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரிவராது. மெல்லிய பருத்தி நூல் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் அதே அளவு விரிப்பைத் தடித்த உல்லனில் பின்னுவதைவிட அதில் பின்னத்தான் அதிக நேரம் பிடிக்கும்.