காக்கை உட்காரப் பனம்பழம்: ஈடிபஸ் நாடகம் பற்றிச் சில கேள்விகள்

கதை மறந்தவர்களுக்கு இரண்டு வரி. மகன் கையால் சாவாய் என்று அருள்வாக்கு சொன்னதால், தீப்ஸ் மன்னன் லையஸ் பச்சைக் குழந்தையின் கணுக்கால்களைத் துளைத்துப் பிணைத்து, மலையில் போட்டுவிடச் சொல்கிறான். அந்த வேலையை ஏற்ற இடையன் பாவப்பட்டுக் குழந்தையைக் கொரிந்து ஊர்க்காரன் ஒருவனிடம் கொடுத்துவிட, அது பிழைத்துக் கொரிந்து அரண்மனையில் ஈடிபஸாக வளர்கிறது. பின்னாளில் ஒரு முச்சந்தியில் யாரென்று தெரியாமல் தந்தையைக் கொல்கிறான், தீப்ஸுக்கு அரசனாகித் தாய் யொகாஸ்டாவை மணக்கிறான். ஊரில் கொள்ளைநோய் பரவுகிறது. லையஸைக் கொன்றவனைப் பிடித்தால்தான் நோய் நீங்கும் என்கிறது டெல்ஃபி கோயில் அருள்வாக்கு. பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபோகிளிஸின் நாடகம் இங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: சார், கொரிந்திலிருந்து வரும் தூதன்தான் அன்று குழந்தையை வாங்கியவன். லையஸ் கொலையில் தப்பிய ஒரே ஆள்தான் குழந்தையைக் கொடுத்த இடையன். சினிமாவில் இப்படி வந்தால் சிரிப்போமே?

பதில்: சிரிப்போம்தான். ஆனால் இந்த நாடகத்தைப் பார்க்கும்போது சிரிப்பு வருவதில்லை, ஏன் என்று பாருங்கள். தப்பியவனும் இடையனும் ஒரே ஆள் என்பதை எந்த ஆரவாரமும் இல்லாமல் பாடகர் குழு போகிற போக்கில் சொல்லிவிடுகிறது: ‘நீங்கள் முன்பே கூப்பிட்டனுப்பிய ஆள்தான் இவன் என்று நினைக்கிறோம், அரசிக்குத்தான் நன்றாகத் தெரியும்’ என்று. சொன்னதும் எல்லார் பார்வையும் யொகாஸ்டா பக்கம் திரும்புகிறது. அவளுக்கு அதற்குள் முழுக்கப் புரிந்துவிட்டது. ‘உன் உயிர்மேல் ஆசை இருந்தால் இதை விசாரிக்காதே’ என்று மன்றாடுகிறாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ‘அதெப்படி ரெண்டு பேரும் ஒரே ஆள்?’ என்று கேட்க நேரம் ஏது?

இன்னொன்று, அந்த இருவரை நான்கு பேராகப் பிரித்துப் பாருங்கள். நம்பகம் கூடும். ஆனால் ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து விசாரிப்பதற்குள் நாடகம் செத்துவிடும்.

கேள்வி: தூதன் சரியாக அந்த நேரத்தில் வந்து நிற்பது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இல்லையா?

பதில்: ஆமாம், மேடையில் நடக்கிற அசல் தற்செயல் அது ஒன்றுதான். சோஃபோகிளிஸ் அதை ஒளிக்கவுமில்லை. யொகாஸ்டா மாலையும் தூபமும் கொண்டுவந்து அப்போலோ தெய்வத்திடம் வேண்டுகிறாள். வேண்டி முடித்த கையோடு தூதன் நுழைகிறான். தெய்வமே அனுப்பியதா, தானாக வந்தானா என்று நாடகம் வாய் திறப்பதில்லை.

அவன் வரும்போது கெடுதல் எதுவும் கொண்டுவரவில்லை என்பதையும் கவனியுங்கள். ‘கொரிந்து அரசர் முதுமையில் இறந்தார், இனி நீங்கள்தான் அரசர்’ என்கிறான். தந்தையைக் கொல்வோம் என்ற பயம் ஈடிபஸுக்கு விட்டது. ஆனால் தாயை மணப்போமோ என்ற பயம் மிச்சம். அதையும் போக்கி நல்ல பெயர் வாங்கலாம் என்று (வெகுமதி எதிர்பார்த்து வந்ததாக அவனே ஒப்புக்கொள்கிறான்) ‘அவர்கள் உங்களைப் பெற்றவர்களே இல்லை’ என்று சொல்லிவைக்கிறான். வந்தது தற்செயல், வாயைத் திறந்தது அவன் குணம். கேட்கக் கேட்க விடாமல் துருவியது ஈடிபஸின் குணம். பின்னிரண்டும் இல்லாவிட்டால் அந்த வருகையால் ஒன்றும் ஆகியிருக்காது.

கேள்வி: அரிஸ்டாட்டில் இதை ஒத்துக்கொள்கிறாரா?

பதில்: நம்பத்தகாதது இருந்தே தீரவேண்டும் என்றால் அது நாடகத்துக்கு வெளியே இருக்கட்டும் என்று ‘கவிதையியல்’ சொல்கிறது, அதற்கு உதாரணமே ஈடிபஸ்தான். முச்சந்திக் கொலை, மணம், பிள்ளைகள் எல்லாம் திரை விலகும் முன்பே முடிந்தவை. ஆர்கோஸ் நகரில் மித்யுஸ் என்பவனின் சிலை, அவனைக் கொன்றவன்மேலேயே விழுந்து கொன்ற கதையையும் அவர் சொல்கிறார். தற்செயல்தான், ஆனால் நோக்கத்தோடு நடந்தது போலத் தெரிவதால்தான் நம்மை உலுக்குகிறது என்பது அவர் வாதம்.

கேள்வி: ஈடிபஸ் இத்தனை வருடம் குடும்பம் நடத்தி, நான்கு பிள்ளை பெற்று, முன்னாள் ராஜா எப்படிச் செத்தார் என்று ஒருநாள்கூடவா கேட்கவில்லை? காலில் இருக்கிற தழும்பை யொகாஸ்டாவும் பார்க்கவில்லையா?

பதில்: மாட்டிக்கொண்டேன். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரும் 1719-இல் வெளியிட்ட கடிதங்களில் சோஃபோகிளிஸை இங்கேதான் பிடித்தார். அது ஓட்டைதான், சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். வால்டேரே ஒரு ஈடிபஸ் நாடகம் எழுதியிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ரோமியோவுக்குக் கடிதம் போய்ச் சேராததும் இதே வகையா?

பதில்: இல்லை. கொள்ளைநோய் பயத்தில், கடிதம் கொண்டுபோன துறவியை ஒரு வீட்டுக்குள் அடைத்துவிட்டதால் கடிதம் போகவில்லை. அந்தத் தற்செயல் முடிவையே தீர்மானிக்கிறது, கடிதம் சேர்ந்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள். ஈடிபஸில் தூதன் வராவிட்டாலும் நடந்தது நடந்ததுதான். தெரியவருவது மட்டும் தள்ளிப்போயிருக்கலாம்.

கேள்வி: லையஸைக் கொன்றது கொள்ளைக்கூட்டம் என்று தப்பியவன் சொன்னான். கொன்றதோ ஈடிபஸ் ஒருவன். இது நாடகாசிரியரின் கவனப்பிசகா?

பதில்: எனக்கு மிகப் பிடித்த இடம் இது. ‘ஒன்று எப்படிப் பலவாகும்?’ என்று அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் ஈடிபஸ் தொங்குகிறான். அதைக் கேட்கத்தான் தப்பியவனுக்கு ஆள் அனுப்புகிறான். ஊர் திரும்பிய அன்று ஈடிபஸ் அரியணையில் இருப்பதைப் பார்த்ததும், யொகாஸ்டாவின் கையைத் தொட்டு, நகரம் கண்ணில் படாத மேய்ச்சல் நிலத்துக்கு என்னை அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சியவன் அவன். ஏன் பொய் சொன்னான் என்று ஊகிக்க இதுவே போதும், பயந்தவன்தானே.

கடைசியில் கிழவனாக அவன் மேடைக்கு வருகிறான். குழந்தையை யார் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தாய் என்று கையை முறுக்கிக் கேட்கிறார்கள். ‘பாவமாக இருந்தது’ என்கிறான். ஒருவனா, பலரா என்ற கேள்வியை யாரும் அவனிடம் கேட்பதே இல்லை.