அழியும் ஆழியும்

அன்புள்ள ஐயா,

இணையத்துக்காக ஓர் அறிவியல் புனைவுத் தொடர் எழுதுகிறேன். 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் வரும் டாலெக் (உலோகக் கவசத்துக்குள் வாழும் உயிரி), சைபர்மேன் (இயந்திரமாக்கப்பட்ட மனிதன்) போன்ற பழைய வில்லனை இன்றைய பார்வையாளர்களுக்காக மறுபடி எழுப்ப ஆசை. பழைய உருவம் இப்போது சிரிப்பை வரவழைக்கிறது. அதனால் வழவழப்பான உலோக உடல், கிராஃபிக்ஸில் 200 பேர் கொண்ட படை, முதல் எபிசோடிலேயே பிறப்புக்கதை, போனில் பேசும் உதவியாளரைப் போல இனிய குரல் என்று திட்டமிட்டிருக்கிறேன். என் கேள்வி ஒன்றுதான்: கவசத்துக்குள் இருக்கும் முகத்தை எத்தனையாவது எபிசோடில் காட்டலாம்?

எம்.

அன்புள்ள எம்,

வில்லன்களின் குரலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. முகம் இருக்கட்டும்.

பிறப்புக்கதையை வெட்டுங்கள். 200 பேர் வேண்டாம், ஒருவன் போதும். இதற்கெல்லாம் விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

ஆனால் 'சிரிப்பை வரவழைக்கிறது' என்றீர்களே, அதை விடமாட்டேன். எந்த இடத்தில் சிரிப்பு வருகிறது என்று எழுதிப் பார்த்தீர்களா? ராபர்ட் ஷியர்மன் எழுதி 2005 ஏப்ரலில் ஒளிபரப்பான 'டாலெக்' அத்தியாயத்தைப் பாருங்கள். ஊரே கிண்டலடித்த ஒவ்வொன்றும் அதில் ஆயுதமாகிறது. அடைப்பெடுக்கும் ரப்பர் கப் போன்ற கை ஒருவன் முகத்தைக் கவ்விக் கொல்கிறது. பின்னாலிருந்து தாக்கலாம் என்று நினைத்தால் இடுப்புப் பகுதி அப்படியே சுழல்கிறது. இதற்குப் படியேறத் தெரியாது என்று படிக்கட்டில் ஏறி நின்று ஏளனம் செய்பவர்களை நோக்கி அது மிதந்து மேலே வருகிறது. (1988-லேயே ஒரு டாலெக் படியேறிவிட்டது. கிண்டல் நிற்கவில்லை.) உருவம் மட்டும் 1963-இல் ரேமண்ட் கஸிக் வரைந்ததேதான், கொஞ்சம் கனத்திருக்கிறது, அவ்வளவு. 2010-இல் அதையும் மாற்றினார்கள்: ஐந்து நிறம், பருத்த உடல், முதுகில் திமில். ரசிகர்கள் ஏற்கவில்லை, 2012-இல் வெண்கல நிறமே திரும்பியது. உங்கள் வழவழப்பான உடலின் கதியும் இதுதான்.

இனி குரல். இனிய குரலாம்! இதைப் படித்ததும் கடிதத்தை மூடி வைத்துவிடலாமா என்று தோன்றியது.

டாலெக் குரலை 1963-இல் பிபிசியின் ஒலி விளைவுப் பிரிவான ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் பிரையன் ஹாட்ஜ்ஸன் ஒரு ரிங் மாடுலேட்டரை வைத்து உருவாக்கினார். நடிகரின் குரலை இன்னொரு அலையால் பெருக்குவதுதான் அந்தக் கருவியின் வேலை. சுமார் 30 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 30 அதிர்வு) சைன் அலை கொடுத்தால், குரலில் 140 ஹெர்ட்ஸாக இருந்தது மறைந்து 110, 170 என்று இரண்டாகப் பிரியும். 280-இல் இருந்தது 250, 310 ஆகும். இயல்பான குரலின் சுரங்கள் அதன் மிகத் தாழ்ந்த சுரத்தின் முழு மடங்குகளாக இருக்கும். அந்த உறவு அறுந்துபோவதால்தான் தகரத்தைத் தட்டினாற்போலக் கேட்கிறது. அலையை 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்கினால் மின்விசிறி முன்னால் நின்று பேசியதுபோல ஆகும். 200-க்கு ஏற்றினால் சொல் சிதைய ஆரம்பிக்கும். ஒலிப்பதிவை எதிரொலி இல்லாத அறையில், மைக்கை ஒட்டி நின்று செய்யுங்கள். அறையின் எதிரொலியும் சேர்ந்து பெருக்கப்பட்டால் எல்லாம் சேறாகிவிடும். எதிரொலி வேண்டுமானால் கடைசியில் சேருங்கள்.

கருவி பாதிதான். மீதி பாதி நடிகரின் தொண்டை. சாதாரணமாகப் பேசிவிட்டு மாடுலேட்டரில் போட்டால், போன் பழுதான மாதிரிதான் இருக்கும். 30 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 33 மில்லிசெகண்ட். குறில் உயிருக்கு இரண்டு மூன்று சுற்றுதான் கிடைக்கும், காது அந்த அதிர்வைப் பிடிப்பதற்குள் எழுத்து முடிந்துவிடும். அதனால்தான் டாலெக்குக்குக் குரல் கொடுத்த பீட்டர் ஹாக்கின்ஸும் டேவிட் கிரஹாமும் அசை அசையாக இழுத்துப் பேசினார்கள். டாலெக் கத்தும் 'எக்ஸ்டெர்மினேட்' (அழித்துவிடு) அதற்கு வாகான சொல், நான்கு அசை.

தமிழில் இங்கேதான் வழுக்கும். 'அழி' என்று எழுதி வைத்திருப்பீர்கள். இழுத்தால் 'ஆழி'. உங்கள் வில்லன் கொலைவெறியோடு 'கடல், கடல்' என்று கத்துவான். 'கொல்' என்பது 'கோல்' ஆகும், கையில் தடி இல்லையே என்று தேடுகிறான் போலிருக்கும். நெடிலில் தொடங்கி வல்லினம் இரட்டிக்கும் சொல்லை எடுங்கள். 'தீர்த்துக்கட்டு'. தீ-யை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், 'த்து', 'க்க', 'ட்டு' ஒவ்வொன்றிலும் காற்று அடைபட்டு வெட்டு தானாக விழும். இதுவும் நான்கு அசைதான்.

இனிமைதான் வேண்டுமென்று அடம்பிடித்தால், 1966-இன் முதல் சைபர்மேனிடம் போங்கள். துணி போர்த்திய முகம். வாய் திறந்தபடியே நிற்கும், சொற்கள் அசையாத உதட்டிலிருந்து வரும், அழுத்தம் தப்பான இடத்தில் விழும். 2017-இல் அந்தத் துணிமுகத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஒரு மருத்துவமனைக் காட்சி வைத்தார்கள். துணி சுற்றிய நோயாளி பொத்தானை அழுத்த, இயந்திரக் குரல் 'வலி, வலி' என்கிறது. நர்ஸ் வந்து ஒரு குமிழைத் திருப்புகிறாள். அமைதி. குறைந்தது வலியல்ல, வால்யூம். குமிழை மறுபடி ஏற்றினால் 'வலி, வலி' நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கிறது. இதற்கு எத்தனை கிராஃபிக்ஸ் ஆட்கள் தேவைப்பட்டிருப்பார்கள், சொல்லுங்கள்?

கோபப்படாதீர்கள். இந்தக் காலத்தில் ஒரு பழைய வில்லனுக்காக இவ்வளவு யோசிப்பவர் மீது எனக்குப் பிரியம்தான். பத்து வசனம் மட்டும் எழுதி, பேசிப் பதிவுசெய்து, 25, 30, 40 ஹெர்ட்ஸில் மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். திரைக்கதையை இப்போது அனுப்ப வேண்டாம். அந்த ஒலிப்பதிவை அனுப்புங்கள்.