சோளம் போட்டதுல இருந்து குஞ்சுக்கு கால் வளையுதா? துவர்ப்பைக் கவனிங்க

தேவகோட்டைப் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "நாட்டுக்கோழி 120 உருப்படி வச்சிருக்கேன். மக்காச்சோளம் விலை கட்டுப்படியாகலைன்னு பழுப்புச் சோளம் எட்டு மூட்டை வாங்கி தீவனத்துல பாதிக்குப் பாதி கலந்தேன். ஒரு மாசமாச்சு, குஞ்சுங்க எடை ஏறவே இல்ல, நாலஞ்சுக்கு கால் வில்லு மாதிரி வளைஞ்சிருச்சு, முட்டையில மஞ்சக்கருவும் வெளுத்துப் போச்சு. குருவி கூட கொத்தாத சோளம்னு வித்தவரு பெருமையா சொன்னாரு. இது விஷமா சார், கொட்டிறவா?"

கொட்ட வேணாம் தம்பி. ஆனா குஞ்சுக்குப் போடுறதை இன்னைக்கே நிறுத்துங்க, மிச்சத்தை அப்புறம் படிங்க.

வித்தவரு பெருமையா சொன்னாரே, குருவி கொத்தாதுன்னு, அதுலதான் விஷயமே இருக்கு. குருவி ஏன் கொத்தல? துவர்ப்பு. அந்தத் துவர்ப்புக்குப் பேருதான் டானின். பாக்கை மென்னா வாயெல்லாம் இழுத்துப் பிடிக்குதுல்ல, எச்சில்ல இருக்குற புரோட்டீனை டானின் போய் கட்டிக்கிறதால வர்ற இழுப்பு அது. நம்ம செட்டிநாட்டு வீட்டுச் சுவத்துப் பூச்சுல சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேப்பாங்க, தெரியும்ல? கடுக்காயும் டானின் சரக்குதான், வெள்ளைக்கரு சுத்தமான புரோட்டீன், ரெண்டும் சேந்தா ஒண்ணை ஒண்ணு விடாது. தோல் பதப்படுத்துறவங்க ஆவாரம்பட்டை போடுறதும் இதே காரணத்துக்குத்தான்.

இப்ப இதே வேலை கோழி குடலுக்குள்ள நடக்குதுன்னு நெனச்சுப் பாருங்க. நீங்க காசு போட்டு வாங்குன சோயாப் புண்ணாக்குல உள்ள புரோட்டீனையும் டானின் கட்டிப்போடும், அதை செரிக்க வேண்டிய என்சைமையும் சேத்துக் கட்டிப்போடும், அதனால கோழி நல்லாத் தின்னும் ஆனா உடம்புல ஒட்டாது, பாதி எச்சத்துலயே போயிரும். நல்ல சோளத்துல கிலோவுக்கு 3,290 கிலோகலோரி வரைக்கும் எரிசக்தி கிடைக்கும், மக்காச்சோளம் 3,350, பெரிய வித்தியாசமே இல்ல. டானின் கூடுனா அந்தக் கணக்கு அப்படியே சரிஞ்சிரும். அதனால இது விஷம்னு சொல்றதை விட திருடன்னு சொல்றதுதான் சரி.

ஆனா ஒண்ணை அழுத்திச் சொல்லணும், ஏன்னா நம்ம பக்கம் எல்லாரும் தப்பா நெனைக்கிறது இதைத்தான். சோளம் செவப்பா இருந்தா டானின், வெள்ளையா இருந்தா இல்லைன்னு கெடையாது. டானின் இருக்குறது மேல் தோலுக்கு அடியில உள்ள இன்னொரு மெல்லிசான அடுக்குல, விதையுறைன்னு சொல்லுவாங்க. அந்த அடுக்கு நிறத்தோட இருக்குற ரகத்துலதான் டானின் இருக்கும். செஞ்சோளத்துல சுத்தமா டானின் இல்லாத ரகமும் இருக்கு, வெளுப்பா தெரியுற சோளத்துல ஒளிஞ்சிருக்குறதும் உண்டு. அதனால கலரைப் பாத்து மூட்டை வாங்காதீங்க. பத்துப் பதினஞ்சு மணியை எடுத்து பிளேடால மேல் தோலை லேசா சுரண்டுங்க, உள்ள காப்பிக்கலர்ல ஒரு படலம் தெரிஞ்சா சந்தேகமே வேணாம்.

இன்னும் தெளிவா தெரியணும்னா பிளீச் டெஸ்ட் இருக்கு. சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் 3.5 சதவீதம் உள்ளது 100 மில்லி எடுத்து அதுல 5 கிராம் காஸ்டிக் சோடாவைக் கரைச்சு, சோளத்தை முழு மணியா, மூழ்குற மாதிரி 20 நிமிஷம் ஊறப்போட்டு அப்புறம் நல்லா அலசுங்க. டானின் உள்ள மணி முழுசாக் கருத்துரும், இல்லாதது வெளுத்து நிக்கும். நீங்க வழக்கமா வாங்குற வெள்ளைச்சோளத்தையும் பக்கத்துல ஒரு டம்ளர்ல போட்டா ஒப்பிட்டுப் பாக்க லேசா இருக்கும். கையில கிளவுஸ் மாட்டிக்கங்க, காத்தோட்டமா வெளியில வச்சுப் பண்ணுங்க, பாத்ரூம் கழுவுற ஆசிட் பக்கத்துலயே வரக்கூடாது, பிள்ளைங்களும் வரக்கூடாது. டெஸ்ட் பண்ண மணியை குழி தோண்டிப் புதைச்சிருங்க.

மஞ்சக்கரு வெளுத்ததுக்கு டானின் மேல பழி போடாதீங்க. மஞ்ச மக்காச்சோளத்துல உள்ள மஞ்சள் நிறமிதான் கருவுக்கு அந்தக் கலரைக் குடுக்குது, சோளத்துல அது ரொம்பக் கம்மி, டானினே இல்லாத சோளம் போட்டாலும் வெளுக்கத்தான் செய்யும். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை தினம் கொஞ்சம் நறுக்கிப் போடுங்க, திரும்பிரும்.

கால் வளையுறது வேற கதை. டானின் கூடுன சோளம் தின்ன குஞ்சுக்கு கால் வளைஞ்சு கணுக்கால் வீங்குறது 1970கள்லயே ஆராய்ச்சியில பதிவானது. சுண்ணாம்புச்சத்து சரியா இருந்தாலும் வரும், அதனால கிளிஞ்சல் தூளை அள்ளிப் போட்டா மட்டும் தீராது. அதுக்காக எல்லா வளைசலும் டானின்தான்னும் நான் சொல்லமாட்டேன், வைட்டமின் டி, மாங்கனீசு குறைஞ்சாலும் கால் கோணும், கால்நடை டாக்டர் ஒருத்தர்கிட்ட அந்த நாலஞ்சையும் காட்டிருங்க. ஏற்கனவே வளைஞ்ச கால் நேராகும்னு நம்பிக்கை குடுக்க எனக்கு மனசு வரல, மத்த குஞ்சுங்களைக் காப்பாத்துறதுதான் இப்ப முக்கியம். எட்டு வாரம் வரைக்கும் இந்தச் சோளம் ஒரு மணி கூட வேணாம், கம்பு போடுங்க, கம்புல இந்தத் துவர்ப்புத் தொல்லை இல்ல.

எட்டு மூட்டையை வளர்ந்த கோழிக்கும் சேவலுக்கும் போட்டுத் தீத்துருங்க, ஆனா 100 கிலோ தீவனத்துக்கு 15 கிலோவுக்கு மேல போகாம. கூடவே சோயா ஒண்ணு ரெண்டு கிலோ கூட்டுங்க, மெத்தியோனின்னு ஒரு அமினோ அமிலம், அதாவது புரோட்டீனோட ஒரு துணுக்கு, அதை 100 முதல் 150 கிராம் சேருங்க, டானின் பண்ற சேதத்தை மெத்தியோனின் ஓரளவு ஈடுகட்டும்.

துவர்ப்பைக் குறைக்கணும்னா கிழக்கு ஆப்பிரிக்காவுல விறகுச் சாம்பல்ல ஊறவைப்பாங்க, நம்ம வீட்லயும் செய்யலாம். பத்துப் பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு சாம்பல் கலந்து தெளியவிட்டு, தெளிவை மட்டும் எடுத்து சோளத்தை ராத்திரி ஊறப்போட்டு, காலைல அலசி, தண்ணியை வீசிட்டு, வெயில்ல முறுமுறுன்னு காயவைங்க. அரைகுறையா காஞ்சா பூஞ்சை பிடிச்சு அஃப்ளாடாக்சின்ங்குற பூஞ்சை நஞ்சு வரும், அது டானினை விடப் பெரிய ஆபத்து, ஐப்பசி கார்த்திகை மழையில இந்த வேலையே வேணாம். சிலர் வேகவச்சுப் போடுறாங்க, சோளத்தை வேகவச்சா அதோட புரோட்டீன் இன்னும் இறுகி செரிக்காமப் போகும். முளைகட்டினா டானின் குறையும்தான், ஆனா இளஞ்சோளப் பயிரை மேஞ்சா மாடு சாகுதுல்ல, அதே சயனைடு முளையிலயும் சேரும், அதனால அந்த வழிக்கே போகாதீங்க.

இதோட சேத்து இன்னொண்ணு, நம்ம ஊருல புளியங்கொட்டை சும்மா கிடக்குதேன்னு அரைச்சுக் கலக்குறாங்க. அதோட தோல்ல டானின் ஏராளம். வறுத்து தோலை முழுசா நீக்குனா பருப்பைக் கொஞ்சமா சேக்கலாம், தோலோட வேணவே வேணாம்.

எதுக்கும் எட்டு மூட்டையிலயும் மேல, நடுவுல, அடியிலன்னு கைப்பிடி எடுத்து ஒண்ணாக் கலந்து அரைக்கிலோ கட்டி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி தீவன ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்க. அனுப்புறப்போ டானினோட அஃப்ளாடாக்சினும் பாக்கணும்னு எழுதிருங்க, வாங்குன சரக்கு எத்தனை நாள் கிடங்குல கிடந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.